ஓர் எண் போதுமா? – டயாட்டம்களும் கடலோர நீரின் தரமும்

இயற்பியல் ஆசிரியனுக்கும் டயாட்டத்துக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். பழைய உறவுதான். நுண்ணோக்கியின் பிரிதிறனைச் சோதிப்பதற்கு 19ஆம் நூற்றாண்டிலிருந்தே ஒளியியலார் டயாட்டம் ஓடுகளைப் பயன்படுத்தி வந்தனர். புளூரோசிக்மா ஆங்குலேட்டம் என்னும் டயாட்டத்தின் ஓட்டில் 10 மைக்ரான் நீளத்துக்குள் ஏறத்தாழ 20 வரிகள் இருக்கும். நல்ல லென்ஸ் அவற்றைத் தனித்தனியே பிரித்துக் காட்டும். மட்டமான லென்ஸ் மங்கலாகத் தீற்றிவிடும்.

லென்ஸை அளக்கும் பொருளாக நான் அறிந்திருந்த இந்த டயாட்டத்தைக் கடல்நீரை அளக்கும் பொருளாகவும் கொள்கிறார்கள் என்பதை ஒரு கல்லூரி அறிவியல் கண்காட்சியில் நடுவராக இருந்தபோது கண்டேன். கடலோரச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த மாணவி ஒருவர், தம் ஊர்க் கரையில் ஒரு மார்ச் மாதக் காலையில் ஒரு லிட்டர் நீர் எடுத்து, அதில் 12 வகை டயாட்டம்களை எண்ணி, அழகான அட்டவணை போட்டிருந்தார். அட்டவணையின் அடியில் ஒரே ஓர் எண்: ‘பன்மைக் குறியீடு 3.1’. அதன் கீழே சிவப்பு மையில், ‘3-க்கு மேல், ஆகவே தூய நீர், குளிக்க ஏற்றது.’

மகளுடன் வந்திருந்த தந்தை மீனவர். அவர் என்னைத் தனியே அழைத்துக் கேட்டார்: “சார், பாப்பா எழுதியிருக்கிறது சரிதானா? சாக்கடை வந்து விழுற இடம் அது. நம்ம பிள்ளைங்க அங்கேதான் குளிக்குது.”

அந்தக் கேள்விக்கு அன்று நான் அரைகுறையாகத்தான் விடை சொன்னேன். இக்கட்டுரை அதன் மீதிப் பாதி. மாணவியின் உழைப்பில் குறையில்லை. நாம் அவர் கையில் கொடுத்த முறையில்தான் குறை. அந்த முறை பல ஆய்வுக் கட்டுரைகளிலும் செயல்திட்ட அறிக்கைகளிலும் கேள்வியின்றிப் பயன்பட்டு வருகிறது. ஆகவே அதைச் சற்று நிறுத்தி விசாரிப்போம்.

டயாட்டம் ஏன் நல்ல சாட்சி?

டயாட்டம் என்பது ஒரே செல்லாலான பாசி. கண்ணாடியின் மூலப்பொருளான சிலிக்காவால் தனக்கு ஓடு கட்டிக்கொள்ளும். அந்த ஓடு, சோப்புப் பெட்டியும் அதன் மூடியும்போல இரு பாதிகளாலானது. உலகில் நடைபெறும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த நுண்ணுயிர்களாலேயே நடக்கிறது என மதிப்பிட்டுள்ளனர். மீன் குஞ்சும் இறாலும் உண்ணும் சிற்றுயிர்களுக்கு இவையே சோறு.

நீரின் நிலையைச் சொல்லும் தகுதி இவற்றுக்கு உண்டு என்பதில் ஐயமில்லை. காரணங்கள் மூன்று. முதலாவது, நல்ல சூழலில் இவை நாளுக்கு ஒருமுறையோ அதற்கு மேலோ இரட்டிக்கும். எனவே நீரில் ஏற்படும் மாற்றத்துக்குச் சில நாட்களிலேயே மறுமொழி தரும். இரண்டாவது, ஒவ்வோர் இனமும் உப்பு, ஒளி, நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகியவற்றில் தனக்கென ஒரு விருப்ப எல்லை வைத்திருக்கிறது. மூன்றாவது, ஓடு எளிதில் அழியாது. செல் மடிந்த பிறகும் அதன் முகவரி ஓட்டின் வரிகளில் எழுதியபடியே இருக்கும்.

நம் கரையில் இந்தப் படிப்புக்கு நல்ல அடித்தளமும் உண்டு. சென்னைக் கடற்கரையின் மிதவை டயாட்டம்களை முறைப்படி வகைப்படுத்தி ஆர். சுப்பிரமணியன் 1946இல் விரிவான ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றுக் கழிமுகத்தை ஒட்டி, கடல் உயிரியல் ஆய்வு பல்லாண்டுகளாக நடந்து வருகிறது. எனவே சாட்சி நம்பத்தக்கவர்தான். சாட்சியை நாம் விசாரிக்கும் விதத்தில்தான் கோளாறு.

அந்த எண் எங்கிருந்து வந்தது?

மாணவி பயன்படுத்தியது ஷானன் குறியீடு. கிளாட் ஷானன் 1948இல் செய்திப் போக்குவரத்தின் கணிதத்தை வகுத்தவர். ஒரு செய்தியில் அடுத்து எந்த எழுத்து வரும் என்பதில் எவ்வளவு நிச்சயமின்மை உள்ளது என்பதற்கு அவர் ஓர் அளவை தந்தார். 1950களில் ஸ்பெயின் நாட்டு மர்கலேஃப் முதலியோர் அதை உயிரினக் கூட்டங்களுக்குக் கொண்டுவந்தனர். எழுத்துக்குப் பதில் இனம், அவ்வளவே வேறுபாடு.

கணக்கு எளியது. மொத்தச் செல்களில் ஓர் இனத்தின் பங்கைக் கண்டு, அதை அப்பங்கின் மடக்கையால் பெருக்கி, எல்லா இனங்களுக்கும் கூட்டிக் குறியை மாற்றிவிட்டால் குறியீடு வந்துவிடும். இனங்கள் பலவாகவும் சமமாகவும் இருந்தால் எண் உயரும். ஒரே இனம் ஆதிக்கம் செலுத்தினால் தாழும்.

இதில் பிழை ஏதும் இல்லை. ‘3-க்கு மேல் தூய நீர், 1 முதல் 3 வரை நடுத்தர மாசு, 1-க்குக் கீழ் கடும் மாசு’ என்ற அளவுகோலை அதன்மேல் ஒட்டும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. இந்த அளவுகோலை 1968இல் முன்வைத்தவர்கள் வில்ம், டோரிஸ் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள். அவர்கள் ஆராய்ந்தது கடலையன்று, நன்னீர் ஓடைகளை. எண்ணியது டயாட்டம்களையன்று, ஓடையின் அடியில் வாழும் புழு பூச்சி முதலிய சிற்றுயிர்களை!

வெப்பமானியில் கோடு போடும் முறை உங்களுக்குத் தெரியும். உருகும் பனிக்கட்டியில் ஒரு புள்ளி, கொதிநீராவியில் ஒரு புள்ளி. இரண்டுக்கும் இடையே பாகுபாடு. ஒரு வெப்பமானிக்குப் போட்ட கோடுகளை வேறொரு திரவம் நிரப்பிய, வேறு பருமன் கொண்ட குழாயில் அப்படியே ஒட்டினால் என்ன ஆகும்? எண் கிடைக்கும். ஆனால் அது வெப்பநிலையாக இராது. ஓடைப் புழுவுக்குப் போட்ட கோடுகளைக் கடல் டயாட்டத்துக்கு ஒட்டுவதும் இப்படிப்பட்டதே.

அலகு இல்லாத விடை

தேர்வுத் தாளில் அலகு எழுதாத விடைக்கு நான் அரை மதிப்பெண் குறைப்பது வழக்கம். மாணவர்கள் அதற்காக என்னைக் கடிந்துகொள்வதும் வழக்கம். பன்மைக் குறியீட்டுக்கும் ஒரு வகை அலகு உண்டு. அது மடக்கையின் அடிமானம்.

சிலர் அடிமானம் 2 எடுப்பர். சிலர் இயல் மடக்கை எடுப்பர். பத்து இனங்கள், ஒவ்வொன்றிலும் பத்துச் செல்கள் என வைத்துக்கொள்வோம். அடிமானம் 2 என்றால் குறியீடு 3.32. இயல் மடக்கை என்றால் 2.30. அதே நீர், அதே செல்கள். முன்னது ‘தூய நீர்’, பின்னது ‘நடுத்தர மாசு’! வில்மும் டோரிஸும் அடிமானம் 2 கொண்டே தம் எல்லைகளை வகுத்தனர். இயல் மடக்கையில் கணக்கிட்டுவிட்டு அவர்களுடைய எல்லையை வைத்துத் தீர்ப்புச் சொல்வது, அங்குலத்தில் அளந்து சென்டிமீட்டர் விலைக்குத் துணி வாங்குவதற்கு ஒப்பாகும்.

கண்காட்சியில் அந்த மாணவியின் அட்டவணையைக் கால்குலேட்டரில் இயல் மடக்கைக்கு மாற்றிக் காட்டினேன். 3.1 என்பது 2.15 ஆயிற்று. அவர் முகம் வாடியது. “அப்போ எது சரி சார்?” என்றார். “இரண்டும் சரியான கணக்குத்தான் அம்மா, நீர் தூயதா என்ற கேள்விக்கு இரண்டுமே விடையாகாது” என்றேன்.

பெயர் தெரியாத எண்

ஏன் விடையாகாது? கீழ்க்கண்ட இரு குப்பிகளை எண்ணிப் பாருங்கள். முதல் குப்பியில் திறந்த கடலை விரும்பும் ஐந்து இனங்கள், தலா 20 செல்கள். இரண்டாம் குப்பியில் சாக்கடை நீரையும் பொறுத்துக்கொள்ளும் ஐந்து இனங்கள், தலா 20 செல்கள். இரண்டின் குறியீடும் அடிமானம் 2இல் 2.32தான். சூத்திரம் பங்குகளை மட்டுமே பார்க்கிறது, பெயர்களைப் பார்ப்பதில்லை. ஊரில் உள்ளவர் யார் யார் என்று கேளாமல், எத்தனை குடும்பங்கள், எவ்வளவு சமமாக உள்ளன என்று மட்டும் கேட்பதைப் போன்றது அது.

இன்னொன்று: எல்லா இனங்களையும் ஆயிரம் மடங்கு பெருக்கினாலும் பங்குகள் மாறா, எனவே குறியீடும் மாறாது. லிட்டருக்கு ஆயிரம் செல் உள்ள நீரும் பத்து லட்சம் செல் உள்ள நீரும் ஒரே எண்ணைத் தரலாம். நைட்ரஜனும் பாஸ்பரஸும் மிகுந்து கடல் கொழுத்துப் போவதன் முதல் அடையாளமே செல்களின் எண்ணிக்கை பெருகுவதுதான். அதைத்தான் இந்த எண் மறைத்துவிடுகிறது. எண்ணிக்கையைத் தனியே கூறாமல் பன்மையை மட்டும் கூறும் அறிக்கை பாதி அறிக்கையே.

பெருக்கமெல்லாம் மாசா?

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. பத்து இனங்களில் ஒன்று 91 செல்கள், மற்ற ஒன்பதும் ஒவ்வொரு செல் எனக் கொள்ளுங்கள். குறியீடு 0.72. அளவுகோல்படி ‘கடும் மாசு’. ஆனால் கடலில் இந்நிலை மனிதன் கை படாமலும் வரும்.

வங்கக் கடலின் மேற்குக் கரையில், விசாகப்பட்டினத்தை அடுத்த வால்டேர் கடலில், ஆஸ்டிரியோனெல்லா ஜப்பானிக்கா என்ற டயாட்டம் பெருகி நீரின் நிறத்தையே மாற்றியதை டி.வி. சுப்பா ராவ் 1969இல் விவரித்து எழுதினார். இன்று அந்த இனத்தை ஆஸ்டிரியோனெல்லாப்சிஸ் கிளேசியாலிஸ் என்பர். ஒடிசாவின் கோபால்பூர்க் கரையிலும் இது பெருகுவது உண்டு. பருவமும் நீரோட்டமும் சத்தும் கூடிவரும்போது ஓர் இனம் முந்திக்கொள்கிறது. சில நாட்களிலோ வாரங்களிலோ அடங்குகிறது. அந்த வாரத்தில் குப்பி முக்கியவர் ‘கடும் மாசு’ என்பார். அடுத்த மாதம் முக்கியவர் ‘தூய்மை’ என்பார். இருவரும் கண்டது கடலின் பருவத்தைத்தான்.

மழையும் இவ்வாறே. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் வெள்ளாறு போன்ற கழிமுகங்களில் உப்புத்தன்மை வெகுவாக இறங்கும். சேற்றால் ஒளி குறையும். கடல் டயாட்டம்கள் பல பின்வாங்கும். ஆற்று டயாட்டம்கள் அடித்து வரப்படும். டிசம்பர் மாத எண்ணையும் மே மாத எண்ணையும் பக்கத்தில் வைத்து ‘மாசு கூடிவிட்டது’ என்பது, மார்கழிக் காலையின் வெப்பநிலையையும் சித்திரை நண்பகலின் வெப்பநிலையையும் ஒப்பிட்டு ஊர் தீப்பற்றிவிட்டது என்பதாகும்.

மிதப்பதும் ஒட்டுவதும்

டயாட்டம்களைக் கொண்டு ஆற்றுநீரை மதிப்பிடும் கலைக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர் அமெரிக்கப் பெண் அறிஞர் ரூத் பாட்ரிக் (1907–2013). 1948இல் பென்சில்வேனியாவின் கானஸ்டோகா ஆற்றுப்படுகையில் அவர் பெரும் ஆய்வு நடத்தினார். 1954இல் அவரும் துணைவர்களும் ‘டயாட்டோமீட்டர்’ என்ற சாதனத்தை விளக்கினர். கண்ணாடி வில்லைகளை நீரில் அமிழ்த்தி வைத்து, அவற்றின்மேல் ஒட்டி வளரும் டயாட்டம்களை எண்ணும் ஏற்பாடு அது. ஆயிரக்கணக்கான செல்களை எண்ணி, எத்தனை இனங்கள் அரிதாக, எத்தனை இனங்கள் மிகுதியாக உள்ளன என்ற முழு வரைபடத்தையே அவர் பார்த்தார். மாசற்ற ஓடையின் வரைபடத்தோடு ஒப்பிட்டே முடிவு சொன்னார்.

இங்கே இரு பாடங்கள் உள்ளன. ஒன்று, ஒட்டி வளர்வது அந்த இடத்தின் சாட்சி. மிதப்பது நீரோட்டத்தின் பயணி. இன்று நம் கரையில் மொண்ட குப்பியில் உள்ள மிதவை டயாட்டம் நேற்றுப் பல கிலோமீட்டர் தள்ளி இருந்திருக்கலாம். சாக்கடை வாயின் நிலையை அறிய வேண்டுமானால் அங்குள்ள பாறையிலும் சேற்றிலும் ஒட்டியிருப்பதைக் கேட்க வேண்டும். இரண்டு, ஒப்பிட ஒரு தூய இடம் வேண்டும். ஒப்பீடு இல்லாத எண் சாட்சியம் ஆகாது.

மற்றொரு நுட்பம். வரிகள் தெளிவாகத் தெரிவதற்காக டயாட்டம்களை அமிலத்தில் கொதிக்க வைத்து உள்ளிருப்பதை நீக்குவர். அதன்பின் உயிரோடிருந்த செல்லும், ஆற்றோடு வந்த வெற்று ஓடும் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே அமிலத்தில் இடுவதற்குமுன் உயிருள்ளவை எத்தனை என்று ஒருமுறை எண்ணிக்கொள்ள வேண்டும். இந்தச் சிறு வேலையை விட்டுவிட்டால், இறந்தோரையும் வாக்காளர் பட்டியலில் சேர்த்த கதையாகிவிடும்.

பட்டியலை நம்பலாமா?

எண்ணை விட்டுப் பெயர்களைப் பிடித்துக்கொள்ளலாமே என்பீர்கள். நல்ல யோசனைதான். நார்வேயின் ஒஸ்லோ வளைகுடாவின் மாசடைந்த உட்பகுதியைப் பற்றி டிரிக்வே பிராருட் 1945இல் எழுதிய ஆய்வு புகழ்பெற்றது. ஸ்கெலடோனிமா காஸ்டேட்டம் என்ற டயாட்டம் அத்தகைய கொழுத்த நீரில் செழிப்பது பலராலும் கவனிக்கப்பட்டது. அதனால் அப்பெயரைக் கண்டவுடன் ‘மாசு’ என்று எழுதும் பழக்கம் பரவியது.

ஆனால் 2005இல் நுண்ணோக்கியையும் மரபணு வரிசையையும் சேர்த்து ஆராய்ந்தவர்கள், அந்த ஒரே பெயரின்கீழ் பல இனங்கள் அடங்கியிருந்ததைக் காட்டினார்கள். ஒரே பெயரில் பலர் வசிக்கும் வீட்டுக்கு வந்த கடிதம்போல, பழைய பதிவுகளில் எது யாருடையது என்பது இப்போது கேள்வியாகிவிட்டது.

பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்ளும் பட்டியல்கள் இன்னும் மோசம். 1969இல் பாமர் வெளியிட்ட, கரிம மாசைப் பொறுக்கும் பாசிகளின் தரவரிசையில் நேவிகுலா, நிட்சியா ஆகிய பேரினங்கள் உண்டு. இவை ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான இனங்கள். அவற்றுள் தூய நீரை விரும்புபவையும் ஏராளம். ‘நேவிகுலா கண்டேன்; ஆகவே மாசு’ என்பது, ‘முருகன் என்பவர் கடன் வாங்கினார்; ஆகவே முருகன்களுக்கெல்லாம் கடன்’ என்பதாகும்.

சிலிக்கா சொல்லும் செய்தி

டயாட்டத்தை மட்டுமே பார்த்தால் தவறிவிடக்கூடிய பெரிய செய்தி ஒன்று உண்டு. டயாட்டம்கள் பொதுவாக நைட்ரஜனும் சிலிக்கனும் அணு எண்ணிக்கையில் ஏறத்தாழச் சமமாக எடுத்துக்கொள்கின்றன. சாக்கடையும் உரநீரும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் கொட்டுகின்றன. சிலிக்காவை அந்த அளவில் கொட்டுவதில்லை. அதன் விளைவை 1980இல் ஆஃபிசர், ரைதர் ஆகியோர் சுட்டிக்காட்டினர். சிலிக்கா தீர்ந்ததும் டயாட்டம் நின்றுவிடும். மிஞ்சிய நைட்ரஜனைச் சிலிக்கா தேவைப்படாத சவுக்குயிர்ப் பாசிகள் கைப்பற்றும். அவற்றுள் சில நச்சுள்ளவை.

அப்படியானால், மிச்சமிருக்கும் டயாட்டம்களின் பன்மைக் குறியீடு அழகாகவே இருக்கலாம். ஆனால் மொத்தப் பாசிகளில் டயாட்டத்தின் பங்கு சரிந்திருக்கும். வீட்டில் மீதமுள்ள பாத்திரங்கள் பளபளக்கின்றனவா என்று பார்க்கிறோமே தவிர, பாதிப் பாத்திரங்கள் திருட்டுப் போனதைக் கவனிக்கவில்லை.

எங்கே இம்முறை வெல்கிறது?

குறை மட்டும் கூறிச் செல்வது நியாயமன்று. பன்மை அளவை தன் வேலையைச் செவ்வனே செய்த இடமும் உண்டு. அமெரிக்காவின் செசாபீக் விரிகுடாவின் அடிச்சேற்றில் குழாய் இறக்கி, கடந்த 2000 ஆண்டு படிவுகளை எடுத்து, கூப்பரும் பிரஷ்ஷும் 1991இல் ஆய்வு வெளியிட்டனர். ஐரோப்பியர் குடியேறிக் காடுகளை அழித்து உழத் தொடங்கிய பிறகு படிந்த சேற்றில் டயாட்டம் பன்மை குறைந்தது. அடியில் வாழும் நீள்வகை டயாட்டம்களை விட மிதந்து வாழும் வட்டவகை டயாட்டம்களின் விகிதம் உயர்ந்தது. நீர் கலங்கி அடிவரை ஒளி எட்டாமற்போனதன் அடையாளம் அது.

இங்கே எண் ஏன் பேசிற்று? ஒரே இடம், நீண்ட காலம், தன் கடந்த காலத்தோடு ஒப்பீடு, பெயர்களும் விகிதங்களும் சேர்ந்த சாட்சியம், பக்கத்தில் வேதியியல் சான்று. எண் தனியே நிற்கவில்லை.

மாணவர்களுக்கு ஐந்து கேள்விகள்

ஆகவே அடுத்த முறை டயாட்டம் அறிக்கை ஒன்றைப் படிக்கும்போதும், நீங்களே எழுதும்போதும், இந்த ஐந்தையும் கேளுங்கள். மடக்கையின் அடிமானம் என்ன? லிட்டருக்கு எத்தனை செல்கள், எண்ணியது எத்தனை? உயிருள்ளவையா, வெற்று ஓடுகளா, மிதப்பவையா, ஒட்டியவையா? எந்தப் பருவம், எந்த உப்புத்தன்மை, எத்தனை முறை எடுத்தது? எந்தத் தூய இடத்தோடு ஒப்பிட்டது? ஐந்துக்கும் விடை இருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பு உண்டு. இல்லையேல் அது தாளின் அழகுக்கு எழுதிய எண்.

முடிவாக, அந்த மீனவரின் கேள்விக்கு வருகிறேன். பிள்ளைகள் குளிக்கலாமா என்பதற்கு டயாட்டம் நேரடி விடை தராது. நோய்க்கிருமி அதன் துறையன்று. குளிப்பதற்குரிய கடல்நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த இரண்டாம் வகுப்பு அளவைகளில், கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மி.கி. இருக்க வேண்டும், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை 3 மி.கி.க்கு மிகக்கூடாது, மலக் கோலிபார்ம் 100 மில்லிலிட்டருக்கு 100 என்ற எல்லையில் அடங்க வேண்டும். சாக்கடை வாயில் முதலில் அளக்க வேண்டியவை இவை. பிறகு அங்குள்ள பாறையில் ஒட்டிய டயாட்டம்களை ஆண்டு முழுவதும் மாதந்தோறும் பார்த்தால், கடல் எப்படி மாறி வருகிறது என்ற நீண்ட கதையை அவை சொல்லும்.

அந்த மாணவியிடம் இதையே சொன்னேன்: “அட்டவணையைக் கிழிக்காதே அம்மா. இது முதல் மாதம். இன்னும் பதினொன்று இருக்கிறது. சிவப்பு மையில் எழுதிய அந்த வரியை மட்டும் அடித்துவிடு.” அவர் அங்கேயே அடித்தார். பரிசு அவருக்குத்தான் கிடைத்தது. அடித்த அந்தக் கோட்டுக்கு நான் தனியே மதிப்பெண் போட்டிருந்தேன்.